மைக்குக்கு எதிரே ஒரு ஸ்டார்ட்

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எட்டாவது தடவையும் அதே 'டக்'. டிராக்டரின் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்த காயிலக்காவின் நாத்தனார் உதட்டைப் பிதுக்கினாள். மணி எட்டே கால். பத்தரைக்குப் பின்தெரு மைதானத்தில் பழைய வண்டிகளின் கண்காட்சி. இவர்களுக்கு ஏழாம் நம்பர்.

"அண்ணி, பேசாம மேல ஒரு துணியைப் போட்டு மூடிடலாமா?"

"முதல்ல வாயைக் கழுவு," என்றாள் காயிலக்கா.

எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுவது அவள் தொழில். வீட்டு முன்னறைதான் பட்டறை. அதனால் தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் காயிலக்கா. எத்தனையோ மோட்டாரைப் பிழைக்க வைத்தவளுக்குப் போன வருடக் கண்காட்சி மட்டும் நெஞ்சில் முள்ளாக நின்றது. மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, நடுவில் மைக்குக்கு எதிரே வண்டியை அணைத்து, மறுபடி சாவி போட்டு எழுப்ப வேண்டும் என்பது அங்கே விதி. போன வருடம் அணைத்தாள்; எழவில்லை. மைக் பிடித்தவர் சும்மா இருந்தாரா? "அக்கா, இறங்கி ஒரு தள்ளு தள்ளுங்க. வண்டியும் நகரும், உடம்பும் இறங்கும்!" என்றார். மைதானமே சிரித்தது. பருத்த உடம்புதான் அவளுக்கு. அதற்காக அவள் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. அன்றைக்கு மட்டும் இருக்கையை விட்டு இறங்கக் கால் வரவில்லை. இந்த வருடம் அதே இடத்தில், அதே மனிதருக்கு எதிரே, வண்டியை அணைத்து எழுப்பிக் காட்ட வேண்டும். பரிசு கிரிசு எதுவும் அவளுக்கு வேண்டாம்.

பரிசு வேண்டியது அவள் கணவனுக்கு. அவன் போர்டு எழுதும் பெயிண்டர். போன வருடக் கூத்து முடிந்ததும் புது பேட்டரி வாங்கிப் போட்டான். அதோடு விட்டானா? வண்டியை நட்டு நட்டாகக் கழற்றி, இரண்டு கோட்டு பிரைமரும் மூன்று கோட்டு நீலமும் அடித்து மறுபடி பூட்டினான். வண்டி புதுமாப்பிள்ளையாக ஜொலித்தது. ஆனால் அன்று பிடித்த சனி, ஒரு நாள் சமத்தாக எழும், மறுநாள் மக்கர் பண்ணும். பேட்டரி செத்துவிட்டது என்று இரண்டாவது வாங்கினான். இப்போது மூன்றாவது வாங்கப் பையும் கையுமாக வாசலில் நிற்கிறான்.

"அந்தக் கடைக்காரன் பழசைத் துடைச்சுக் குடுக்கறான். நான் வேற கடைக்குப் போறேன்."

"ஏங்க, நில்லுங்க. ராத்திரி முழுக்க சார்ஜர்ல இருந்த பேட்டரி. எழுந்ததும் நானே அளந்தேன், பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல காட்டுச்சு. பேட்டரி மேல தப்பே இல்ல."

"அப்புறம் யார் மேல தப்பு?"

"அதைத்தான் பார்க்கப் போறேன். பையைக் கீழே வைங்க."

மீட்டரை எடுத்துக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தாள். ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் வைத்தாள். மறுமுனையை, பெயிண்ட் உரிந்து இரும்பு தெரிந்த ஒரு எஞ்சின் போல்ட்டில் அழுத்தினாள். இந்த இரண்டையும் இணைப்பது கட்டைவிரல் தடிமனுள்ள எர்த் பட்டை. அது சரியாக இருந்தால் மீட்டர் சைபரை ஒட்டியே நிற்க வேண்டும்.

"திருப்பு!"

டக். மீட்டர் ஒன்பது வோல்ட் காட்டியது.

"இன்னொரு தடவை!"

டக். மறுபடியும் ஒன்பது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "புடிச்சுட்டேன்!" என்று அவள் போட்ட கூச்சலில் நாத்தனார் இருக்கையிலேயே துள்ளி விழுந்தாள்.

"என்ன அண்ணி, பாம்பா?"

"பாம்பும் இல்ல, பல்லியும் இல்ல. வயர் வழியாப் போற கரண்ட் வண்டியோட இரும்பு வழியாத்தான் பேட்டரிக்குத் திரும்பி வரணும். வர்ற வழியை யாரோ அடைச்சு வச்சிருக்காங்க."

எர்த் பட்டையைப் பூட்டியிருந்த போல்ட்டைக் கழற்றினாள். பட்டைக்கு அடியில் இரும்பைக் காணோம். பளபளவென்று நீலம்! பட்டையின் முனையிலும் நீலம். நாத்தனார் எட்டிப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அண்ணே, கண்ணுக்கே தெரியாத இடத்துல யார் பார்க்கறதுக்கு அடிச்சே?"

"அடிச்சா முழுசா அடிக்கணும். துரு ஏறக் கூடாதுல்ல," என்றான் அவன். குரலில் பழைய வீறாப்பு இல்லை.

காயிலக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, பாசமும் பொங்கியது. இவனைத் தவிர வேறு எவன் ஒரு டிராக்டரை இவ்வளவு ஆசையாகக் கெடுப்பான்? அவனுடைய உப்புத்தாளையே வாங்கி, இரும்பு வெள்ளையாக மின்னும்வரை தேய்த்தாள். பட்டையை இறுக்கிப் பூட்டினாள். நாத்தனார் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரு தரம் இருமிவிட்டு முழங்கியது. கணவனுக்கு வாயெல்லாம் பல்.

"கிளம்பலாம், கிளம்பலாம்!"

"இருங்க." அவள் மீட்டரை மறுபடி பேட்டரியில் வைத்தாள். எஞ்சின் ஓடும்போது பதினாலை நெருங்கி ஏற வேண்டும். பன்னிரண்டுக்குக் கீழே படுத்திருந்தது. "காலையில இருந்து எத்தனை தடவை முறுக்கியிருக்கோம்! நீங்க வேற அழகு பார்க்கறேன்னு ரெண்டு விளக்கையும் எரிய விட்டீங்க. டைனமோ ஒரு சொட்டுக்கூடத் திருப்பிக் குடுக்கல. மைதானத்துல அணைச்சா மறுபடி எழாது."

இந்த முறை எங்கே பார்ப்பது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. டைனமோ தரும் கரண்ட்டைப் பேட்டரிக்கு அனுப்புவது ரெகுலேட்டர் என்கிற சின்னக் கறுப்புப் பெட்டி. பானெட்டுக்குள் பின்தகட்டில் அது திருகிப் பூட்டப்பட்டிருந்தது. அதற்கும் இரும்போடு தொடர்பு வேண்டும். அதன் முதுகிலோ அதே நீலம். போதாததற்குப் பெட்டியைச் சுற்றி மெல்லிய மஞ்சள் கோடு வேறு. மூச்சைப் பிடித்துக்கொண்டு கையாலேயே இழுத்த கோடு.

அவள் சுரண்டியை எடுத்ததும் கணவன் குறுக்கே வந்து நின்றான்.

"அங்க மட்டும் கை வைக்காதே. நடுவருங்க பானெட்டைத் தூக்கிப் பார்ப்பாங்க. பெயிண்டுக்குத் தனிப் பரிசு. ஒரு கீறல் தெரிஞ்சாலும் எனக்குப் போச்சு."

அவளுக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது. ஆனால் கத்தவில்லை. "போன வருஷம் நீங்க கூட்டத்துக்குள்ள நின்னீங்க. மேல உட்கார்ந்திருந்தது நான்," என்றாள்.

அவன் கொஞ்ச நேரம் மஞ்சள் கோட்டையே பார்த்தான். பிறகு சுரண்டியை அவள் கையிலிருந்து வாங்கினான். "தள்ளு. நீ சுரண்டினா கன்னாபின்னான்னு இருக்கும்."

சுரண்ட வேண்டுமானால் எஞ்சினை அணைக்க வேண்டும். அணைத்தால் பேட்டரியில் மிச்சமிருக்கும் தெம்புக்கு ஒரே ஒரு தடவைதான் எழும், அதுவும் எழுந்தால். வேறு வழியில்லை. அணைத்தார்கள். அவன் பெட்டியைக் கழற்றித் தகட்டைச் சுரண்டினான். மஞ்சள் கோட்டின் ஒரு மூலை உதிர்ந்தது; அவன் கை நிற்கவில்லை. திருகிப் பூட்டியதும் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"திருப்பு," என்றாள் காயிலக்கா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

எஞ்சின் முனகியது. அரைச் சுற்று. இன்னொரு அரைச் சுற்று. போச்சு என்று அவள் கண்ணை மூடிக்கொண்ட நேரத்தில் குபீரென்று பிடித்தது.

"பன்னிரண்டரை!" என்று மீட்டரைப் பார்த்துக் கத்தினாள். "பதிமூணு! ஐயோ, ஏறுதுங்க! பதிமூணே முக்கால்!" ஒவ்வொரு எண்ணுக்கும் நாத்தனார் சீட்டி அடித்தாள். கணவன் எஞ்சின் மேலேயே ஒரு தட்டுத் தட்டி, சூடு பட்டுக் கையை உதறினான். மணி ஒன்பதே முக்கால். அங்கிருந்து மைதானத்துக்குப் போய்த் தங்கள் முறை வரும்வரை அவள் எஞ்சினை அணைக்கவே இல்லை.

நடுவர்கள் பானெட்டைத் தூக்கினார்கள், சுரண்டிய இடத்தைக் கண்டார்கள், தாளில் ஏதோ எழுதினார்கள். கணவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஏழாம் நம்பர்!" என்று மைக் கூப்பிட்டது. அதே ஆள்தான். அவள் ஒரு சுற்று ஓட்டி வந்து அவருக்கு எதிரே நிறுத்தினாள். நிறுத்தும் குமிழை இழுத்தாள். எஞ்சின் அடங்கியது.

"வந்துட்டாங்கய்யா நம்ம போன வருஷத்து அக்கா! தள்ளறதுக்கு ஆளு..."

அவர் வாயை மூடுவதற்குள் வண்டி எழுந்தது. ஒரே திருப்பு. கூட்டம் ஓவென்று ஆர்ப்பரித்தது. அவள் கண்ணில் நீர் முட்டியது, மறைக்கவும் தோன்றவில்லை. மைக் பிடித்தவர் அசடு வழிய, ஓரமாக நின்ற கணவனிடம் மைக்கை நீட்டினார். "பலே! என்ன சார் வேலை பண்ணீங்க வண்டிக்கு?"

அவளுக்குத் திக்கென்றது. இத்தனை பேருக்கு முன்னால் இந்த மனிதன் என்ன சொல்லப் போகிறான்?

"பெயிண்ட் அடிச்சுக் கெடுத்தது நான்," என்றான் அவன், மைதானம் முழுக்கக் கேட்கும்படி. "கண்டுபிடிச்சுச் சரி பண்ணது என் பொண்டாட்டி. அவளைக் கேளுங்க."

மைக் அவள் முகத்துக்கு எதிரே வந்தது. ஒரு வருடமாக மனத்துக்குள் சேர்த்து வைத்த பேச்சு எவ்வளவோ இருந்தது. அவள் அந்த ஆளைப் பார்த்தாள், பேச்சுக்குப் பதிலாகக் குமிழை இழுத்தாள். எஞ்சின் அணைந்தது.

"ஐயையோ, நின்னுபோச்சாக்கா?"

அவள் சாவியைத் திருப்பினாள். முழங்கியது. மறுபடி அணைத்தாள், மறுபடி திருப்பினாள். முழங்கியது. கூட்டம் எழுந்து நின்று எண்ண ஆரம்பித்தது. நாலாவது தடவையில் மைக் பிடித்தவரும் சேர்ந்து எண்ணினார்.