இரண்டு பேருக்கு ஒரு கையெழுத்து

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதிக்கவில்லை. காதால் கேட்டு விரலால் தட்டியது. நான் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். யார் என்ன சொன்னாலும் எழுத வேண்டும், நீதிபதி "அது வேண்டாம்" என்றால் விட்டுவிட வேண்டும். அப்படி இருபத்திரண்டு வருடங்களாக விட்டவை என்னிடம் நிறையச் சேர்ந்துவிட்டன. அதில் ஒன்று மட்டும் கதையாகியே தீருவேன் என்று அடம்பிடிக்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: லிஃப்ட் மெக்கானிக் ஒருவருக்கு இரண்டு மனைவிகள். அடித்துவிட்டேன். இரண்டு மனைவி என்றதும் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கே வந்தது.

மறுபடி: மூன்றாவது மாடியிலிருந்து விழுந்த ஒருவர் பதினோரு வாரமாகக் கண் திறக்கவில்லை. இது இருக்கட்டும்.

2

லிஃப்டைப் பழுதுபார்க்கப் போன இடத்தில் கால் தவறி அதன் குழிக்குள் விழுந்துவிட்டார். மெஷின்தான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. இனி நினைவு திரும்பாது, மெஷினை எடுப்பதா வைப்பதா என்று மனைவி எழுதித் தர வேண்டும் என்றார்கள் டாக்டர்கள்.

மூத்தவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். முறைப்படி பதிவான மனைவி. "போதும், விட்டுடலாம்" என்றாள். இளையவள் தையல்காரி. பதினேழு வருடமாக அவரோடு ஒரே வீட்டில் இருப்பவள். "கை இன்னும் சூடாத்தானே இருக்கு" என்றாள். அவள் கையெழுத்து செல்லாது என்றது மருத்துவமனை. தன்னையும் மனைவி என்று அறிவிக்கச் சொல்லி நீதிமன்றத்துக்கு வந்தாள்.

(இருவரையும் சண்டைக்காரிகளாக எழுதிப் பார்த்தேன். கதைக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் விசாரணைக்கு ஒரே பஸ்ஸில்தான் வந்தார்கள். "பாத்துக்கா, படி வழுக்குது" என்று இளையவள் மூத்தவளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.)

3

தையல்காரியின் வக்கீல் வயதில் சின்னவர்.

"ரெண்டாவது கல்யாணம் பண்ணினது தப்புன்னா, பண்ணினவர் அவர். செல்லாதுன்னு சொல்றதால அவருக்கு என்னங்க ஆச்சு? பதினேழு வருஷம் செல்லாமப் போனது இந்த அம்மாவுக்குத்தான். ஏத்துக்கச் சொல்றேனே தவிர, மெச்சிக்கச் சொல்லல."

மூத்தவளின் வக்கீல் தலை நரைத்த பெண்மணி. மெதுவாக எழுந்தார்.

"இன்னிக்கு ஏத்துக்கிட்டா, நாளைக்கு எல்லா மூத்த மனைவியோட மௌனத்தையும் சம்மதம்னு எழுதிடுவாங்க. அது போகட்டும், இந்த வழக்கையே பாருங்க. ரெண்டு மனைவி, ரெண்டு பதில். கோர்ட் யார் பேச்சைக் கேக்கும்?"

"ரெண்டு மகன் ரெண்டு பதில் சொன்னா, ஒருத்தன் மகனே இல்லன்னு ஆயிடுமா?"

"ஒருத்தி ரெண்டு புருஷனோட வந்து நின்னா, நீங்க இதே வாதத்தைப் பேசுவீங்களா தம்பி?"

கதை எழுதுகிறவர் இந்த இடத்தில் ஏதாவது ஒரு பக்கம் சாய வேண்டும். அவர் பேசும்போது அவர் சொல்வது சரியாக இருந்தது. இவர் பேசும்போது இவர் சொல்வது. இரண்டையும் தட்டிக்கொண்டிருந்த என் விரல்கள் மட்டும்

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அப்படியே விடுகிறேன்.]

4

மூத்தவள் கூண்டில் ஏறினாள். சின்ன வக்கீல் கேட்டார்.

"உங்க சம்மதத்தோடதான் அந்தக் கல்யாணம் நடந்துச்சா?"

"கேட்டாரு."

"எப்போ?"

"முடிச்சிட்டு வந்து."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சாப்ட்டாச்சான்னு கேட்டேன்."

நீதிபதி என் பக்கம் திரும்பி, "அது வேண்டாம்" என்றார். விட்டுவிட்டேன். (நீதிபதியைக் கல்நெஞ்சராக ஒரு பத்தி எழுதிக் கிழித்துப்போட்டேன். நல்ல மனிதர். அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கெட்டவர் ஒருவர்கூட இல்லாத கதையில் யாரைத் திட்டுவது?)

"இவங்களையும் மனைவின்னு அறிவிச்சா உங்களுக்கு என்ன ஆட்சேபணை?"

அவள் தையல்காரியைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னாள்.

"அவ மேல எனக்குக் கோவம் இல்லீங்க. அவரை என்னைவிட நல்லாப் பாத்துக்கிட்டா. ஆனா அவளை நீங்க மனைவின்னு எழுதினா, அன்னிக்கு எனக்கு நடந்தது சரின்னு ஆயிடும். அது சரியில்ல. அதைச் சொல்றதுக்கு எனக்கு இந்த ஒரு இடம்தான் இருக்கு."

தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

5

மூன்றாம் நாள் உத்தரவு வந்தது. மனுதாரர் சட்டப்படி மனைவி அல்ல. ஆகவே அவர் கருத்தைக் கேட்கும் அவசியம் எழவில்லை. நான்தான் தட்டினேன், பிழையில்லாமல்.

தாழ்வாரத்தில் மூத்தவள் தையல்காரியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சொல்லு, என்ன பண்ணட்டும்?"

"என்னை ஏன்க்கா கேக்குறீங்க? நான் யாருமில்லன்னு இப்பத்தானே படிச்சாங்க."

மூத்தவள் எழுந்து போய்விட்டாள். அன்று அவர்கள் ஒரே பஸ்ஸில் போகவில்லை.

6

முடிவு ஒன்று: அவர் கண் திறக்கிறார். எழுதி முடித்ததுமே வெட்கமாக இருந்தது.

முடிவு இரண்டு: நீதிமன்றம் இருவரையும் மனைவிகள் என்கிறது. ஒருத்தி எடுக்கச் சொல்கிறாள், ஒருத்தி வைக்கச் சொல்கிறாள். மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது, வருடக்கணக்கில். தீர்ப்பை நான் மாற்றியும் யாருக்கும் விடியவில்லை.

நடந்தது இது. மூத்தவள் கையெழுத்துப் போட்டாள். வழக்குக் கோப்பை மூடுவதற்காக மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மெஷினை எடுத்த பிறகும் நாற்பது நிமிடம் உயிர் இருந்திருக்கிறது. அந்த வார்டில் கட்டிலருகே ஒருவரைத்தான் விடுவார்கள். கடிதத்தின் கடைசி வரி: 'உடனிருந்தவர்: மனைவி.' பெயர் போடவில்லை. மனைவி என்றால் ஒருத்திதானே, எதற்குப் பெயர் என்று விட்டிருப்பார்கள்.

மூத்தவளாகத்தான் இருக்கும். இல்லையென்றால், வாசல் காவலரிடம் இளையவளைக் காட்டி, "மனைவி இவதான்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கியிருப்பாள். இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டேன். யாரை உள்ளே அனுப்பினாலும் இன்னொருத்தி அந்த நாற்பது நிமிடமும் படிக்கட்டில் நிற்கிறாள். அவளை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் எழுதுங்கள்.