காமாக்ஷி மாமியின் கார் வாய் திறந்த வருஷம்

1994 மாசியில், தக்காளி கிலோ மூன்று ரூபாய்க்கு இறங்கியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலை, பாட்டு டீச்சர் காமாக்ஷி மாமியின் வெள்ளை பியட் கார் மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் "சோமாறி" என்றது. சொன்னது மாமி இல்லை. பக்கத்து ஆட்டோக்காரனும் இல்லை. பானெட்டுக்கு அடியில், கார்புரேட்டர் வழியாக, ஆண் குரலில் கணீரென்று வந்தது. பூக்காரி திரும்பிப் பார்த்தாளே தவிர முழம் போடும் கையை நிறுத்தவில்லை. மாமி கிளட்சை விட்டு மெல்ல நகர்த்தினாள். கார் உதறிக்கொண்டே நாலடி போய் "நீயெல்லாம் ஒரு மச்சானாடா, பன்னாட" என்றது. தேர் முட்டிக்குப் பக்கத்தில் வேறொரு குரலில் "மாமனாம் மாமன், போடா பேமானி" என்று பதிலும் சொன்னது. எஞ்சினைப் பிரித்து மாட்டி அந்த வாரம்தான் வெளியே வந்த வண்டி. மாமி நேராக ஒர்க்‌ஷாப்புக்குத் திருப்பினாள்.

பறக்கும் ரயிலுக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்த கால்வாய்க் கரையில், தகரக் கூரைக்குக் கீழே இருந்தது அந்த ஒர்க்‌ஷாப். நெடுஞ்செழியனும் அவன் மச்சான் அய்யாதுரையும் சேர்ந்து நடத்துவது. முன்னவனுக்குப் பெண்டாட்டியும் பின்னவனுக்கு அக்காளுமான வேலம்மா மத்தியானம் இருவருக்கும் சோறு கொண்டுவருவாள். இருவரும் பேசிக்கொண்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வேலம்மாவின் மகள் தமிழ்மொழிக்கு ஐந்து வயதில் காது குத்த நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காராமல் அந்தக் குடும்பத்தில் ஒரு காதும் ஊசி பார்த்ததில்லை. அன்று காலை பார்த்து நெடுஞ்செழியன் ஒரு டாக்டரின் காரைத் தருவதாக வாக்குக் கொடுத்து, "முடிச்சிட்டு வந்துடு மச்சி" என்று சொல்லிவிட்டுத் தான் மட்டும் வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டான். கிளட்ச் படியவில்லை. புதுச் சட்டையெல்லாம் கிரீஸோடு அய்யாதுரை வந்து சேர்ந்தபோது ஆசாரி கிளம்பியிருந்தார், எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாதியில் போட்டுவிட்டு வந்தால் என்ன கேடு என்றான் நெடுஞ்செழியன். நீ கொடுத்த வாக்கைத்தானே காப்பாற்றினேன் என்றான் அய்யாதுரை. அத்தோடு பேச்சு நின்றது. இரட்டைப்படை வயதில் காது குத்துவதில்லை. இப்போது பெண்ணுக்கு ஏழு, வைகாசி வந்தால் எட்டு. பள்ளிக்கூடத்தில் மூளிக்காது என்று கூப்பிட்டார்கள். வேலம்மாவுக்கு யாரிடம் முதலில் கோபப்படுவது என்றே தெரியாத கோபம். அவள் தூக்குச்சட்டியில் கொண்டுவந்த குழம்பு அடுப்பை விட்டு இறக்கிப் பல மணி நேரம் ஆன பிறகும் கொதித்துக்கொண்டே இருந்தது. ஆண்கள் இருவரும் ஊதி ஊதிச் சாப்பிட்டார்கள், காரணம் கேட்கவில்லை.

"ஏண்டி வேலம்மா, கோயில் வாசல்ல நின்னுண்டு என் கார் பேமானிங்கறது. என்னைச் சொல்றதா ஸ்வாமியைச் சொல்றதான்னே தெரியலை" என்றாள் மாமி. "ஆத்துக்குப் பாட்டு கத்துக்க வர குழந்தைகள் காதுல விழுந்தா அதையே சொல்லிண்டு திரியுமே. ஒரு குரல் உன் ஆம்படையான், இன்னொண்ணு உன் தம்பி. எனக்குத் தெரியாத ஸ்ருதியா?"

இதில் ஒர்க்‌ஷாப்பில் யாருக்கும் ஆச்சரியம் ஏற்படவில்லை. திறந்து கிடந்த எஞ்சின்மேல் குனிந்து வேலை செய்த நாளெல்லாம் இருவரும் வாய்வரை வந்ததை விழுங்கினார்கள். விழுங்கியது சிலிண்டருக்குள் இறங்கித் தங்கியிருந்தது. அது ஏன் வந்த வழியே திரும்பி வருகிறது என்பதுதான் கேள்வி. வண்டி ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்தது, நின்றால் உதறியது, அடையாறு பாலத்தில் ஏற மூச்சு வாங்கியது. கீழ்ப்பாதியான கிராங்கும் பிஸ்டனும் நெடுஞ்செழியன் வேலை, மேல்பாதியான கேமும் வால்வும் அய்யாதுரை வேலை. ஆளுக்கு ஆள் அடுத்தவன் மாட்டியதைக் கழற்றினார்கள். பிளக் மாற்றினார்கள், டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகினார்கள், கார்புரேட்டரைப் பெட்ரோலில் குளிப்பாட்டினார்கள். பங்குனியும் பிறந்தது. கார் முன்னைவிடத் தெளிவாக "கஸ்மாலம்" என்றது.

"இந்தாமே, உன் தம்பியாண்ட சொல்லு, வால்வு வெக்கத் தெரியாதவன்லாம் ஸ்பேனர் புடிக்கக் கூடாதுன்னு."

"யக்கா, அந்தாளாண்ட சொல்லு, நான் வெச்ச மார்க்கு வெச்ச எடத்துலயே கீது. கோளாறு கீய கீது."

இருவருக்கும் நடுவே இரண்டு முழம் இடைவெளி. அதில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு வேலம்மா இரண்டு வருஷமாக இந்தத் தபால் வேலையைச் செய்துவந்தாள். அன்று அவள் தூக்குச்சட்டியைத் தரையில் வைத்த வேகத்தில் மூடி கூரைக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது.

"இன்னிலேர்ந்து என் வாய் லீவு" என்றாள். புருஷன் கையிலிருந்த ஸ்டார்டிங் ஹேண்டிலைப் பிடுங்கி, காரின் மூக்கில் சொருகிச் சுற்ற ஆரம்பித்தாள். பிளக்கெல்லாம் கழற்றியிருந்ததால் அது சுலபமாகச் சுற்றியது. பிடுங்கினால் கை போய்விடும் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. நெடுஞ்செழியன் கீழே குனிந்து புல்லி மார்க்கைப் பார்த்தான். மூடி திறந்த எஞ்சினின் மேலே அய்யாதுரை வால்வுகளைப் பார்த்தான். பிஸ்டன் உச்சிக்கு வரும் அதே கணத்தில், கடைசி சிலிண்டரில் ஒரு வால்வு மூடி முடிக்க, அடுத்தது திறக்கத் தொடங்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம், அதனால் இரண்டு வருஷமாகப் பார்க்கப்படாத விஷயம்.

"டாப்பு!" என்று கீழேயிருந்து புருஷன் கத்தினான். அவள் நிறுத்தவில்லை. ஒரு மூச்சு கழித்து "டாப்பு!" என்று மேலேயிருந்து தம்பி கத்தினான். மறுபடி சுற்றினாள். மறுபடி முதலில் புருஷன், பிறகு தம்பி. எத்தனை சுற்றினாலும் இரண்டு கத்தலுக்கும் நடுவே அதே இடைவெளி.

"நான் சுத்தறது ஒரு சுத்துதான். உங்க ரெண்டு பேருக்கும் ரெண்டு நேரத்துல வருதா?"

ஆண்கள் இருவரும் அப்போதுதான் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முன்மூடியைக் கழற்றினால், கீழ்ப்பாதியையும் மேல்பாதியையும் சேர்த்துச் சுற்றும் டைமிங் செயின் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருந்தது. மூட வேண்டிய வால்வு தாமதமாக மூட, பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே இருந்ததை வந்த வழிக்கே துப்பியிருக்கிறது. நெடுஞ்செழியன் சுவரைப் பார்த்துச் சொன்னான்: செயின் பூட்டுவதற்கு முன்னால் ஒரு நட்டு எட்டவில்லை, கிராங்கைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினேன்.

"என்னாண்ட சொல்லக் கூடாதா மாமா!" இரண்டு வருஷத்தில் முதல் மாமா, கழுத்தைப் பிடிப்பதுபோல வந்தது.

"எப்டிரா சொல்றது? இவ ரேஷன்ல நின்னுகினு இருந்தா!"

வேலம்மா ஹேண்டிலை உருவினாள். "ரெண்டு பேரும் கரெக்டு. அவன் டாப்பு அவனுக்கு, உன் டாப்பு உனக்கு. நடுவுல என் பொண்ணு மூளிக்காதோட நிக்குது. ஞாயித்துக்கெயமை ஆசாரி வராரு. எவன் வரலியோ அவன் காத நான் குத்துவேன், இத வெச்சே குத்துவேன்."

செயினைக் கழற்றி மார்க்குக்கு மார்க் வைத்துப் பூட்டும் வரை, அன்று பொழுது சாயும் மட்டும், இருவரும் நேருக்கு நேர் திட்டிக்கொண்டார்கள். தூண் வேலைக்காரர்கள் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்து கேட்டார்கள். சமாதானம் என்று எதுவும் நடக்கவில்லை, பாக்கியில்லாமல் சொல்லிக்கொண்டதுதான். கார் தொட்டதும் ஸ்டார்ட் ஆனது. உள்ளே மிச்சமிருந்த சொற்கள் கார்புரேட்டர் பக்கம் தலை காட்டாமல், வெந்து, முறைப்படி சைலன்சர் வழியாகத் தணிந்த குரலில் வெளியேறின. மாமிக்கு அதில் ஆட்சேபம் இல்லை. பின்னால் வருகிறவர்கள் பாடு என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஓட்டிப் பார்க்கிறோம் என்ற பேரில், அந்த வண்டியிலேயே முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்குப் போனார்கள். வழியெல்லாம் கியர் போடுவதைப் பற்றிச் சண்டை. தமிழ்மொழியை மடியில் வைத்து அவள் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்ட அய்யாதுரை, முகத்தை மட்டும் திருப்பி, வண்டியை வெயிலிலா நிறுத்துவாய் என்று நெடுஞ்செழியனைப் பார்த்துக் கத்தினான். அவன் திருப்பிக் கத்தினான். அந்தக் கூச்சலில் ஆசாரி முதல் காதைக் குத்தினார். பெண் இருவரையும் மிஞ்சிக் கத்தினாள். அவள் மூச்சு வாங்குவதற்குள் இரண்டாவது காதும் முடிந்தது. வேலம்மா யாரையும் பார்க்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு, திருகாணியை முறுக்கி இறுக்கினாள்.

வெளியே, அவசரத்தில் அணைக்க மறந்த கார் ஓடிக்கொண்டிருந்தது. சைலன்சருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்த கீரைக்காரியை அது மெதுவாகப் பொறம்போக்கு என்றது. அவள் கூடையை ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு, முளைக்கீரைக்குத் தண்ணீர் தெளித்தாள்.