பெனினா வீட்டு முற்றம்

டாக்டர் சொல்லி முடித்த பிறகும் ஃபிலிபோ நிமிரவில்லை. தீவின் தலைநகர் ஆப்பியாவில், ஆஸ்பத்திரியின் அந்தச் சின்ன அறையில், மனைவி திரேசாவுக்குப் பக்கத்தில், தன் பெரிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். மகன் இயோசுவா பிழைத்துவிட்டான். ஆக்லாந்துக்கு அனுப்பிய ரத்தத்தின் பரிசோதனை முடிவும் வந்துவிட்டது.

"கிருமி புகுந்த செல்லு ஒரு சத்தம் போடும்னு வெச்சுக்கங்க. அதுக்குப் பேரு இன்டர்ஃபெரான். பக்கத்துல இருக்கற செல்லெல்லாம் அதைக் கேட்டுக் கதவைச் சாத்திக்கும். உங்க பையன் உடம்புல சத்தம் வருது, கேக்கற காதுதான் இல்ல. அதான் சாதாரணச் சளிக்காய்ச்சல் மூளை வரைக்கும் போயிருச்சு."

"யாரால டாக்டர்?" என்றாள் திரேசா.

"யாரையும் சொல்ல முடியாதும்மா. அந்தக் குறை உங்க ரெண்டு பேர்கிட்டயும் பாதிப் பாதி இருக்கு. உங்களை ஒண்ணும் பண்ணாது. ரெண்டும் பிள்ளைகிட்ட சேர்ந்துருச்சு."

ஃபிலிபோவுக்குக் காது சுட்டது. பிள்ளை காய்ச்சலில் விழுந்ததும் தேவாலய வாசலில், ஊரே பார்க்க, திரேசாவின் அக்கா பெனினாவிடம் அவன் கத்தியது நினைவில் எழுந்தது. சளியோடு மூக்கை உறிஞ்சிக்கொண்டே குழந்தையைக் கொஞ்சினாள் என்பதுதான் குற்றம். "உனக்குப் பிள்ளை இல்லேன்னா எனக்கும் இருக்கக் கூடாதா?" அவள் பாடகர் வரிசைக்கும் போகாமல் வீட்டுக்கு நடந்தாள். பிறகு தேவாலயப் பக்கமே வரவில்லை.

அந்த வாரம் முதலில் இருமியது அவன்தான். கத்தும்போதே அது அவனுக்குத் தெரியும்.

"பெரியப்பாகிட்ட குடும்பப் பாயை வாங்கி, நம்ம வழக்கப்படி பெனினா வாசல்ல போத்திக்கிட்டு மன்னிப்புக் கேக்கப் போறேன்," என்றான் வெளியே வந்ததும்.

திரேசா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "பாயைப் போத்திக்கிட்டு உக்காந்துட்டா ஆச்சா? அவ பாடறதையே விட்டுட்டா."

மறுநாள் விடியலில் பெனினா வீட்டு முற்றத்தில், சிவப்பு இறகு தைத்த குடும்பத்தின் நுண்ணிய பின்னல் பாயைத் தலையோடு போர்த்தி மண்டியிட்டான். அவள் வந்து பாயை எடுத்தால் மன்னிப்பு, இல்லையென்றால் இல்லை. வெயில் ஏறியது. முதுகில் வியர்வை ஊர்ந்தது. போகிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கடந்தார்கள்.

கதவு திறந்தது. "போகச் சொல்லட்டுமா?" என்றது அவள் கணவன் குரல்.

பாயின் ஓரத்துக்குக் கீழே பெனினாவின் வெறுங்கால்கள் வந்து நின்றன. ஒரு கோழி நடுவில் புகுந்து பாயின் சிவப்பு இறகுகளைக் கொத்தியது. கால்கள் அதை விரட்டவில்லை, நகரவும் இல்லை.