கவிழ்ந்த பவளம்

ஆயுத பூஜை லீவு முடிந்து லேப் கதவைத் திறந்தேன். மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனப் பொட்டு, கல் அறுக்கும் மெஷினுக்கு வாழைக்கன்று, ஃபேன் ரெகுலேட்டருக்குக்கூடக் குங்குமம். அதுவரை சரி. மேசைமேல் என் பவளக் கற்கள் வரிசையாக, ஆளுக்கொரு சந்தனப் பொட்டும் சுற்றிலும் பொரிகடலையுமாக, பளபளவென்று உட்கார்ந்திருந்தன. அந்தப் பளபளப்பைப் பார்த்ததும் ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டினேன்.

அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் நானே பெயர்த்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கற்கள். பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் அங்கே கடல், கடலுக்குள் பவளம். குவாரிச் சுவரில் கல்லின் எந்தப் பக்கம் வானத்தைப் பார்த்து இருந்ததோ, அந்தப் பக்கத்தைக் காட்டி மார்க்கரில் ஓர் அம்புக்குறி போடுவோம். அது இல்லாவிட்டால் கரையான்சாவடியில் டூவீலருக்கு முட்டுக் கொடுக்கத்தான் அந்தக் கல் ஆகும்.

இப்போது ஒரு கல்லிலும் அம்புக்குறி இல்லை.

"வரதண்ணே, இதை என்ன பண்ணீங்க?"

வரதன் எங்கள் லேப் அட்டெண்டர். முத்தாபுதுப்பேட்டைக்காரர். சுத்தம் என்றால் அவருக்கு உயிர்.

"பூசைக்கு அயுக்கா வெச்சா நல்லாவா கீது மேடம்? குத்துவிளக்கோட சேத்து புளித்தண்ணில ஊறப் போட்டேன். எலுமிச்சம்பயமும் புயிஞ்சு உட்டேன். நொர நொரயா வந்துச்சு, அம்மாம் அயுக்கு! எவனோ மேல கிறுக்கி வேற வெச்சிகிறான். அத்தையும் தேச்சு எட்த்துட்டேன்."

நுரைத்தது அழுக்கு இல்லை, கல். புளிப்பு பட்டால் சுண்ணாம்புக்கல் கரையும். கிறுக்கியது நான். இரண்டையும் அவரிடம் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று பயம்.

நாளை மறுநாள் எனக்கு வைவா. டாக்டர் பட்டம் கைக்கு வந்தால் ஆவடி பக்கம் ஒரு மகளிர் கல்லூரியில் வேலை. எனக்காக இடம் பிடித்து வைத்திருந்தார்கள், இந்த வருஷம் மட்டும். அம்மா அதற்குள் அபார்ட்மெண்ட் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

லேப்டாப்பில் குவாரிப் படங்கள் இருந்தன. அவற்றைப் பார்த்து அம்புக்குறியைத் திரும்பப் போட்டால் போச்சு என்று உட்கார்ந்தேன். முதல் கல்லுக்குப் போட்ட பிறகுதான் கல்லை ஒழுங்காகப் பார்த்தேன். மேலே அப்பியிருந்த படலம் கரைந்து, பவளத்தின் குழிகள் பளிச்சென்று தெரிந்தன. ஒவ்வொரு குழியிலும் ஒரு குட்டி உயிர் குடியிருந்திருக்கும். பவளம் வெளிச்சத்தைப் பார்த்து வளரும். குழியின் வாய் மேலே பார்க்கும். என் கல்லில் அது கீழே பார்த்தது. அடுத்த கல்லிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

என் தீஸிஸ் மொத்தத்துக்கும் ஒரே விஷயம்தான்: இந்தப் பவளங்கள் இருந்த இடத்திலேயே வளர்ந்து, அங்கேயே கல்லாயின. சனியன், ஒன்றுகூட இருந்த இடத்தில் இல்லை! ஏதோ ஒரு புயல் பிடுங்கி உருட்டிக் கவிழ்த்துப் போட்டிருக்கிறது. உருண்டையான பக்கம்தான் தலை என்று என் கைடு பார்த்தசாரதி சார் முதல் வருஷமே சொன்னார், நானும் நம்பித் தொலைத்தேன்.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். லென்ஸை வைத்து ஒவ்வொரு கல்லாகப் பார்த்தார். பிறகு போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அம்புக்குறியைத் தலைகீழா மாத்திப் போட்டுடும்மா. குழி மேலே பாக்கற மாதிரி ஆயிடும்."

"சார், போட்டோ இருக்கே?"

"நீ காட்டினாத்தானே? அந்தக் குவாரிச் சுவர் இப்ப எங்கே இருக்கு? சிமெண்டாகி எவன் ஃப்ளாட்டுக்கோ பூசியாச்சு. யாரு போய்ப் பாக்கப் போறா? இந்த வேலையை விட்டா உனக்குத் திரும்ப வருமா?"

அவர் கெட்டவர் இல்லை. எனக்காகத்தான் சொன்னார், அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. மார்க்கரை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

வைவாவுக்கு வெளியூரிலிருந்து ஜானகிராமன் என்று ஓர் எக்ஸாமினர் வந்தார். கல்லைக் கையில் எடுத்துச் சந்தனப் பொட்டைப் பார்த்தார்.

"ஆயுத பூஜையா?"

"ஆமா சார்."

"எங்க லேப்ல தராசு மேலயே பூசணிக்காயை வெச்சுட்டாங்க." சிரிக்கவில்லை. அம்புக்குறியைப் பார்த்தார், குழிகளைப் பார்த்தார், மறுபடி அம்புக்குறியைப் பார்த்தார். "இந்த அம்புக்குறி சரியா?"

பார்த்தசாரதி சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது சரி சார். தீஸிஸ்தான் தப்பு."

அவர் என் தீஸிஸை மூடி வைத்தார். திரும்ப எழுதச் சொன்னார். ஒரு வருஷம் ஆகும். நல்ல கண்டுபிடிப்பு என்றும் சொன்னார். அதை எடுத்துக்கொண்டு போனால் எந்தக் காலேஜில் சம்பளம் போடுவார்கள்?

வேலப்பன்சாவடி பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அம்மா ஃபோன் செய்தாள்.

"என்னடி ஆச்சு?"

"ஒரு வருஷம் தள்ளிப் போச்சும்மா. அந்த வேலை இனி இல்லை."

"ஐயோ, எதனாலடி?"

"புயல்மா."

"இங்க வெயில் கொளுத்துது, என்னடி புயலு?"

"இப்ப இல்லம்மா. பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னாடி அடிச்சது. அது எல்லாத்தையும் கவுத்துப் போட்டிருக்கு. நான் அதைச் சொல்லிட்டேன்."



"நீ சொல்லலேன்னா யாருக்குடி தெரிஞ்சிருக்கும்?"

"யாருக்கும் தெரிஞ்சிருக்காதும்மா" என்றேன். அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது. பூந்தமல்லி பஸ் வந்து நின்று, கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, விசில் அடித்துக் கிளம்பிப் போனார்.