தொட்ட டம்ளர்

"அந்தக் கண்ணாடி டம்ளரத் தொட்டது யாருடா?"

சமையலறை வாசலில் சாரின் அம்மா நின்றாள். கூடத்தில் டியூஷனுக்கு உட்கார்ந்திருந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், முன்னால் நின்ற சிறுமியைக் கண்ணாலேயே காட்டிக்கொடுத்தார்கள். வீடு கூட்ட வருகிறவளின் மகள். அவள் கையில் தண்ணீர் நிறைந்த டம்ளர் தலைகீழாக இருந்தது; அதன் வாயை ஓர் அட்டை மூடியிருந்தது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"சார்தான் செய்யச் சொன்னாரு."

சார் சற்று முன்புதான் முழங்கியிருந்தார்: "காத்து ஆளப் பாத்து அழுத்தாது. எல்லாரையும் ஒரே மாதிரிதான் அழுத்தும்." இப்போது அவருக்குச் சுவரில் ஏதோ அவசர வேலை இருந்தது.

"அத வெளிய குழாயடியில வெச்சுடு. நாளையிலேருந்து வாசல்லயே உக்காந்து கேளு. சரிதானேம்மா?"

வகுப்பில் கர்ஜிக்கும் குரல், அம்மாவிடம் வந்ததும் வாலைச் சுருட்டிக்கொண்டது. சமையலறையிலிருந்து அவர் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். நல்லாசிரியர் என்று இவருக்குப் போர்த்திய பொன்னாடையை இஸ்திரி போட்டு மடித்து வைத்தவள் அவள்தான்.

வெளியே வந்தாள். சிறுமியின் கையிலிருந்த டம்ளரை வாங்கித் தண்ணீரைக் கொட்டினாள். அலமாரியில் இருந்த அதன் ஜோடிகளையும் எடுத்தாள். மிதத்தல் பாடத்துக்காக நிரப்பி வைத்திருந்த தொட்டியில் எல்லாவற்றையும் மெல்ல விட்டு, கையால் ஒரு சுழற்று சுழற்றினாள். டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்தபடி மிதந்தன.

"ஐயையோ, அதுல எதுடி அவ தொட்டது?"

"தெரியலயே அத்தே. நீங்களே பாத்து எடுங்க."

மாமியார் குனிந்து பார்த்தாள். மகனும் வந்தார். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அறிவியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவர் கண்ணாடியில் தீட்டைத் தேடினார்.

"சார்," என்றான் ஒரு வாண்டு, "தீட்டுக்கு எடை இருந்தா அந்த டம்ளர் மட்டும் கொஞ்சம் இறங்கி மிதக்குமா சார்?"

கூடம் குபீரென்று சிரித்தது.

"வாய மூடுடா!" என்றார் சார்.

மனைவி ஒரு டம்ளரை எடுத்துக் குடத்தில் மொண்டு, மாமியார் பார்க்க மடமடவென்று குடித்தாள். மறுபடியும் மொண்டு சிறுமியிடம் நீட்டினாள்.

"உள்ள வந்து பாய்ல உக்காந்து குடி. நாளைக்கும் அதான் உன் இடம்."

பிள்ளைகள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

சார் பாடத்தைத் தொடர்ந்தார். தொண்டை வறண்டு நாலைந்து முறை செருமினார். வகுப்பு முடியும்வரை அவர் தண்ணீர் கேட்கவில்லை.