காலி கேபின்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கொஞ்சமும் இருப்புக் கொள்ளவில்லை. டாக்டரின் மேசை விளிம்பை விரல்களால் தட்டிக்கொண்டே இருந்தான். பக்கத்தில் அக்கா, காவலுக்கு வந்தவள்போல் உட்கார்ந்திருந்தாள். முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு வலிக்கென்று தொடங்கிய மாத்திரை, வலி போன பிறகும் அவனை விடவில்லை. இன்னொரு பொய் சொன்னால் தம்பி என்ற பேச்சுக்கே இடமில்லை என்று அவள் சொல்லியிருந்தாள். விட்டுப் பத்து நாளாயிற்று என்று அவன் சாதித்திருந்தான். இன்று காலையில்தான் ஒன்று போட்டிருந்தான்.

டாக்டர் புது மாத்திரை ஒன்றைச் சின்னக் கிண்ணத்தில் வைத்தார். விளக்கிச் சொல்வதில் அவருக்கு அலுப்பே கிடையாது. மூளைச் செல்களின் மேல் மருந்து வந்து பொருந்துகிற ஏற்பிகள் இருக்கின்றன. வலி மாத்திரை அவற்றில் போய் ஒட்டினால் வலி அடங்கும். கூடவே, இது மறுபடி வேண்டும் என்று மூளை மனதில் போட்டுக்கொள்ளும். தினமும் இதே கதையானால் மூளை சும்மா இருக்காது, சமன் செய்ய எதிர்ப்பக்கம் இழுக்கத் தொடங்கும். பழைய அளவு போதாமல் போவது அதனால்தான். இந்தப் புது மாத்திரையோ அதே ஏற்பிகளில் இறுக்கமாக உட்காரும், ஆனால் எதையும் தூண்டாது. ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதையும் நெட்டித் தள்ளிவிடும்.

"அப்ப அந்த எதிர்ப்பக்க இழுப்பு?" என்று கேட்டான் அவன்.

"அது அப்படியேதான் இருக்கும். அதனாலதான் பழசு உடம்புல மிச்சம் இருக்கக்கூடாதுங்கறேன்."

அதற்கு மேல் அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. லிஃப்ட் கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடை, பாதியளவு ஆட்கள் ஏறிய கேபினுக்குச் சமம். காலிக் கேபினில் பிரேக் விட்டுப்போனால் அது கீழே விழாது. எதிர் எடை இழுக்கிற இழுப்பில் மேலே பாய்ந்து முட்டும். காலையில் போட்ட மாத்திரைதான் உள்ளே நிற்கிற ஆள். அது ஒரே நொடியில் இறங்கினால் வாந்தி, நடுக்கம், எலும்பு நோவு எல்லாம் சேர்ந்து வரும்.

"என்னடா, பாத்துட்டே இருந்தா அது தானா உள்ள போயிடுமா?" என்றாள் அக்கா.

கிண்ணத்தை எடுத்தான். வைத்தான். மறுபடி எடுத்தான்.

"காலைல ஒண்ணு போட்டேன்க்கா."

டாக்டர் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அக்கா எழுந்து கதவுவரை போனாள். போயே விட்டாள் என்று நினைத்தான். அவளோ திரும்பி வந்து, கைப்பையை அவன் முன்னால் அகலத் திறந்தாள்.

"மிச்சம் எங்க வச்சிருக்க?"

இடது ஷூவைக் கழற்றி, உள்ளிருந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பைக்குள் போட்டான். அவள் பையை மூடவில்லை.

"இன்னொரு ஷூவும்."