இன்னும் கண்டம் தாண்டலை

நான் ஆஸ்பத்திரியில மொழிபெயர்க்கிறவ. டாக்டர் சொல்றதை வீட்டு ஆளுங்களுக்கும் அவங்க கேக்கறதை டாக்டருக்கும் சொல்றதுதான் பன்னிரண்டு வருஷமா என் பிழைப்பு. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. புதுசா வேலைக்குச் சேர்றவங்களுக்கு இதைப் பாடம் எடுக்கிறதே நான்தான். நல்லா எடுத்தேன் பாடம்!

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பக்கத்துல, நாலு நாற்காலி போட்ட சின்ன அறை. டாக்டரம்மா நின்னுக்கிட்டே சொன்னாங்க: "ஆபரேஷன் முடிஞ்சுது. ஆனா அவர் இன்னும் காட்டை விட்டு வெளியே வரலை." உயிருக்கு ஆபத்து நீங்கலைன்னா ஆங்கிலத்துல இப்படித்தான் சொல்லுவாங்க. நம்ம பேச்சுல 'இன்னும் கண்டம் தாண்டலை'. அதே அளவு பயம், அதே அளவு நம்பிக்கை. நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு.

எதிர்ல நோயாளியோட மனைவி. ரெண்டு நாளா பச்சைத் தண்ணி பல்லுல படாத முகம். என் பாழாப்போன மனசு இளகிடுச்சு. "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது அக்கா. தேற இன்னும் கொஞ்ச நாளாகும்"னு சொல்லிட்டேன். அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. டாக்டரம்மா என்னை நம்பித் தலையாட்டிட்டு உள்ளே போயிட்டாங்க.

நான் வருகைப் பதிவுல கையெழுத்துப் போட்டுட்டுத் திரும்புறேன், அந்தக்கா நடையில நின்னு வெளியூர்ல இருக்கிற மகள்கிட்ட போன்ல பேசிட்டிருக்காங்க. "அப்பாவுக்கு ஒண்ணுமில்லடி. அலறியடிச்சுக்கிட்டு ஓடி வராதே. டிக்கெட்டை ரத்து பண்ணு. பரீட்சையை முடிச்சுட்டு அடுத்த மாசம் வந்தாப் போதும்."

டாக்டர் இல்லாம குடும்பத்துகிட்ட தனியாப் பேசக் கூடாதுன்னு எங்களுக்குச் சட்டம். சட்டமாவது மண்ணாங்கட்டியாவது! நேரா போய் அவங்க முன்னாடி நின்னேன்.

"அக்கா, வர வேண்டாம்னு சொல்லாதீங்க. டாக்டர் சொன்னது வேற. இன்னும் கண்டம் தாண்டலைன்னாங்க. உங்க முகத்தைப் பார்த்துட்டு நான்தான் மழுப்பிட்டேன்."

ஓங்கி ஒரு அறை விட்டிருந்தாக்கூட வாங்கியிருப்பேன். அவங்க என்னையே பார்த்தாங்க. "உடனே கிளம்புடி"ன்னு மகள்கிட்ட சொல்லிட்டு போனை வெச்சாங்க. நான் மன்னிப்புக் கேக்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாங்க.

"உங்களை விட்டா இங்கே யார்கிட்டம்மா போய்க் கேப்பேன்? இனிமே அவங்க சொல்றதை அப்படியே சொல்லுங்க. அழறதை நான் பார்த்துக்கறேன்."